ஏணிக்குக் காணம், மரத்துக்கு நம்பர்: கள்ளுஷாப்பு பிறந்த கதை

கேரளத்துக் கடற்கரையூரான விழிஞ்ஞத்தில் மீன் விற்பது கடை. டீ விற்பதும் கடை. வலைநூல், இரும்புச் சாமான், செல்போன் ரீசார்ஜ், பிரியாணி எல்லாமே கடைதான். ரேஷன் ஷாப்பு, பார்பர் ஷாப்பு என்று முன்னால் ஒரு ஒட்டைச் சேர்த்தால் அது வேறு. ஒட்டில்லாமல் வெறுமனே 'ஷாப்பு' என்றால் கள்தான். "அவனை ஷாப்பில் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால், எதை விற்கிற ஷாப்பு என்று கேரளத்தில் யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளைக்குத் தெற்கே வளர்ந்தவனுக்கு இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து 'டாடி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு போனான். இந்தியில் 'தாட்' என்றால் பனை, அதன் சாறு 'தாடி'. அது கப்பலேறி ஸ்காட்லாந்து வரை போய், குளிருக்கு விஸ்கியில் வெந்நீரும் சர்க்கரையும் கலந்து குடிக்கிற பானத்துக்குப் பெயராயிற்று. பதிலுக்கு அவன் விட்டுப்போனது 'ஷாப்பு'. இரண்டு சொல்லும் இன்று கேரளத்துச் சாலையோரத்தில் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன: டாடி ஷாப்பு, கூடவே ஒரு நம்பர்.

அந்த நம்பரில்தான் இந்தக் கதை இருக்கிறது. கள்ளுக்கு வயது சொல்ல முடியாது. தென்னையோ பனையோ நின்ற இடத்தில், பாளையைச் சீவினால் சாறு வரும் என்று ஒருவன் கண்டுகொண்ட நாளிலிருந்து அது இருக்கிறது. ஷாப்பு அப்படியில்லை. பெஞ்சு, பலகை, நம்பர், திறக்கும் நேரம், மூடும் நேரம் என்று இன்று நாம் பார்க்கிற ஷாப்பு கணக்குப் பிள்ளைகளின் பேரேட்டில் பிறந்த பிள்ளை.

அதற்கு முன் குடித்தவர்கள் எங்கே குடித்தார்கள்? துறைமுகப் பட்டினத்தில் கடை இருந்தது. சந்தேகமே வேண்டாம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளைக் கணக்கெடுக்கும்போது கோயில் கொடி, வாதம் செய்ய அழைக்கும் அறிஞர் கொடி, கப்பல் கொடி என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கள் விற்கும் வாசலின் கொடிக்கு வருகிறது. அந்த வாசலில் மீன் அறுக்கிறார்கள், இறைச்சி பொரிக்கிறார்கள், பொரிகிற சத்தம் முற்றத்தில் கேட்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒரு ஷாப்புக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது அந்தச் சத்தம்தான். பெரும்பாணாற்றுப்படையோ அரிசிக் கூழைத் துழாவி, அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆறவிட்டு, முளையரிசி அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து வடிக்கிற ஒரு பானத்தின் செய்முறையையே தந்துவிடுகிறது. தானியத்தை முளைகட்டி நுரைக்கவைத்துக் குடிப்பது ஐரோப்பியக் கலை என்று நினைப்பவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். பீருக்கு அதைவிட நெருங்கிய ஒன்று நம் பழம்பாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதெல்லாம் பட்டினத்துச் சங்கதி. ஊருக்குள் குடிப்பவன் மரத்தடிக்குப் போனான். ஏறியவன் இறங்கி வரும்வரை காத்திருந்து, சிரட்டையிலோ ஓலைப் பட்டையிலோ வாங்கி, அங்கேயே குந்தியிருந்து குடித்துவிட்டுப் போனான். கள்ளின் குணம் அப்படி, அதைத் தூரத்துக்குக் கொண்டுபோக முடியாது.

இந்தக் குணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஷாப்பின் கதையே இதைச் சுற்றித்தான் ஓடுகிறது. விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டுகிறார்கள். விலங்கின் கால் எலும்பு ஒன்றால் அதை நாள்தோறும் மெதுவாகத் தட்டிப் பதமாக்குகிறார்கள். ஓங்கி அடித்தால் பாளை செத்துவிடும், பட்டும் படாமலும் தட்டினால் சாறு இறங்காது. நுனியைச் சீவிச் சீவி ஒரு வாரம், பத்து நாள் பழக்கிய பிறகு சொட்டத் தொடங்கும். கீழே கட்டுகிற பானைக்கு இங்கே 'மாட்டம்' என்று பெயர், நம் பக்கத்தில் கலயம். காலையும் மாலையும் ஏறி இறக்க வேண்டும், இடையிலும் ஒருமுறை ஏறிச் சீவிவிட்டு வருவது உண்டு. ஒரு மரத்துக்கு மூன்று ஏற்றம் என்றால், பத்து மரம் வைத்திருப்பவன் ஒரு நாளைக்கு எத்தனை அடி ஏறுகிறான் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சொட்டும்போது அது இனிப்பு நீர், நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுக்குச் சர்க்கரை. காற்றிலும் பழைய கலயத்தின் உட்சுவரிலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் முதல் சொட்டு விழுந்த கணத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. தெளிவாக இறங்குகிற நீர் பால்போல வெளுப்பது அவை கோடிக்கணக்கில் பெருகுவதால்தான். காலையில் இறக்கியது மதியத்துக்குள் ஏறிவிடும், மறுநாள் புளிக்கும், மேலும் விட்டால் காடி. அந்த ஓட்டத்தை நிறுத்தப் பழைய வழி கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது. அப்போது அது கள் இல்லை. நாங்கள் சொல்கிற அக்கானி, மற்றவர்கள் சொல்கிற பதநீர். ஒரு விரல் சுண்ணாம்புதான் கருப்பட்டிக்கும் கள்ளுக்கும் நடுவில் நிற்கிற சுவர்.

இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் பழைய பீரை 'ரியல் ஏல்' என்று பெருமையாகச் சொல்வது இதே குணத்துக்காகத்தான். ஊற்றிக் கொடுக்கிற பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருந்து, கடைசிச் சொட்டு வரை நொதித்துக்கொண்டிருக்க வேண்டும். வடிகட்டி, கொதிக்கவைத்து, வெளியிலிருந்து வாயுவை ஏற்றி அனுப்பினால் அது அவர்களுக்குச் செத்த சரக்கு. பெரிய ஆலைகள் அந்தச் செத்த சரக்கையே ஊரெங்கும் நிரப்பிவிட்டன என்ற எரிச்சலில், 1971இல் அயர்லாந்தின் மேற்கு மூலையில் விடுமுறைக்குப் போயிருந்த நான்கு ஆங்கில இளைஞர்கள் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பழைய ஏலைக் காப்பாற்ற ஓர் இயக்கம் தொடங்கினார்கள். உயிருள்ள பானத்துக்காக அவர்கள் சங்கம் வைத்த அதே காலத்தில், இங்கே அதைவிட உயிருள்ள ஒன்று குடிக்கிறவனின் எந்தச் சங்கமும் இல்லாமல் தினம் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சங்கம் இருந்தது, ஆனால் அது ஏறுகிறவனின் சங்கம். அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

அரசனின் கண் முதலில் விழுந்தது பானையில் அல்ல, ஏணியில். கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவப் பள்ளிக்கு வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொடுத்த செப்பேடு இருக்கிறது. வட்டெழுத்தில் எழுதி, சாட்சிகள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் கையெழுத்துப் போட்ட செப்பேடு. பள்ளிக்கு விட்டுக்கொடுத்த குடிகளில் மரமேறும் ஈழவர் குடிகளும் உண்டு. அவர்களிடம் வாங்கக்கூடாத வரிகளின் பட்டியலில் தலைக்காணத்துக்கு அடுத்து வருவது ஏணிக்காணம், மரம் ஏறும் ஏணிக்கான வரி. இனி வாங்கக்கூடாது என்று எழுதிவைத்தார்கள் என்றால், அதுவரை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? தமிழ்நாட்டுப் பக்கம் பல்லவர் செப்பேடுகளில் 'ஈழம்பூட்சி' என்றே ஒரு வரி வருகிறது. ஈழம் என்பதற்குக் கள் என்றும் ஒரு பொருள் உண்டு, நிகண்டுகள் சொல்கின்றன. சோழர் காலத்தில் பிராமணர்களுக்கு விட்ட ஊர்களில் தென்னையும் பனையும் ஈழவர் ஏறக்கூடாது என்று தனியாகவே விதித்தார்கள்.

அதே ஒன்பதாம் நூற்றாண்டில் விழிஞ்ஞம் ஆய் அரசர்களின் கோட்டையும் துறையுமாக இருந்தது. பாண்டியர்கள் வந்து கோட்டையை உடைத்தார்கள், பிறகு சோழர்கள் வந்தார்கள், ராஜேந்திரசோழப்பட்டினம் என்று பெயர்கூட மாற்றிப் பார்த்தார்கள். பெயர் நிற்கவில்லை. இன்றும் சாலையோரம் ஒரு பாறையைக் குடைந்த சிறு குகைக்கோயில் மட்டும் அந்தக் காலத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. இத்தனை மன்னர்களும் இந்தத் துறையில் இறங்கிய கப்பலோட்டிகளும் என்ன குடித்திருப்பார்கள் என்று கல்வெட்டில் இல்லை. சுற்றிலும் நிற்கிற மரங்களைப் பார்த்தால் ஊகிக்கலாம்.

ஏணிக்கு வரி போட்ட அரசு, மரத்துக்கும் கடைக்கும் வர ஆயிரம் ஆண்டு ஆயிற்று. இடையில் இருந்தது குத்தகை. ஒரு வட்டாரத்தில் கள்ளும் சாராயமும் விற்கிற உரிமையை ஏலத்தில் அதிகம் கேட்டவனுக்கு விட்டுவிட்டு, அரசு பணத்தை மட்டும் எண்ணிக்கொண்டது. யார் ஏறுகிறான், எங்கே விற்கிறான் என்பதெல்லாம் குத்தகைக்காரன் பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இது மாறியது. சென்னை மாகாணம் 1886இல் ஆப்காரிச் சட்டம் போட்டது. திருவிதாங்கூர் கொல்லம் ஆண்டு 1073இல், அதாவது 1898 வாக்கில், தன் சட்டத்தைப் போட்டது. கொச்சி 1077இல், நம் கணக்குக்கு 1902. ஆப்காரி என்பது பாரசீகச் சொல். ஆப் என்றால் தண்ணீர், காரி என்றால் தொழில். தண்ணீர்த் தொழில்! குடிப்பதைத் 'தண்ணி' என்று நம்மவர்கள் சொல்வதற்கு முன்பே சர்க்கார் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் மரத்துக்குத் தனி வரி, கடைக்குத் தனி உரிமம். வரி கட்டிய மரத்துக்குக் குறி போட்டு நம்பர் கொடுத்தார்கள். நம்பர் இல்லாத மரத்தில் கத்தி பட்டால் குற்றம். இறக்கியதை மரத்தடியில் விற்றால் குற்றம், நேராகக் கடைக்குப் போக வேண்டும், அந்தக் கடை குறித்த இடத்தில் இருக்க வேண்டும், குறித்த நேரத்தில் மூட வேண்டும். மரத்தடியில் குந்தியிருந்தவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கூரைக்குக் கீழே உட்காரவைத்தது இந்தச் சட்டம்தான். அப்படி உட்கார்ந்த இடம்தான் ஷாப்பு. இங்கிலாந்திலும் இதே நடந்திருக்கிறது. வீட்டில் காய்ச்சி வாசலில் விற்ற பெண்களின் ஏல் வீடுகளை 1552இல் ஒரு சட்டம் நீதிபதிகளின் உரிமத்துக்குக் கீழே கொண்டுவந்தது. ஊர்ப் பொதுமண்டபம் என்று அவர்கள் இன்று உருகுகிற பப்பும் வரிக்காரன் கைபட்டுப் பிறந்ததே.

1967இல் கொச்சிச் சட்டத்தை எடுத்துக் கேரளம் முழுக்க விரித்தார்கள். எத்தனையோ திருத்தங்களுக்குப் பிறகும் அது இன்றும் '1077ஆம் ஆண்டின் 1ஆம் சட்டமான ஆப்காரிச் சட்டம்' என்றே இருக்கிறது. தரிசாப்பள்ளிச் செப்பேடு எழுதியபோது கொல்லம் ஆண்டு பிறந்து இருபத்துநான்கு வருடம். அந்த ஆண்டுக் கணக்கை இப்போதும் சட்டப் பெயரில் சுமந்துகொண்டிருப்பது கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

சட்டம் தந்தது நாலு சுவரும் நம்பரும்தான். மிச்சத்தை மனிதர்கள் சேர்த்தார்கள். முதலில் வந்தது கறி. கள் வயிற்றைக் கிள்ளும், கூடவே எரிப்பான ஏதாவது வேண்டும். விசாகம் திருநாள் மகாராஜா 1880 முதல் 1885 வரை ஆண்டபோது ஊக்கி வளர்த்த மரச்சீனிக் கிழங்கு ஏழைகளின் சோறாகிவிட்டிருந்தது. அவித்த மரச்சீனி, குடம்புளி போட்டுச் சிவக்கச் சிவக்க வைத்த மீன்கறி, தேங்காய்க் கீற்றுப் போட்டு வறட்டிய மாட்டிறைச்சி. விழிஞ்ஞத்துக்கென்று தனியாகச் சொல்ல ஒன்று உண்டென்றால் அது சிப்பி. வடகேரளத்தில் கல்லும்மேக்காய் என்கிறார்கள், இங்கே வெறும் சிப்பி. கடலடிப் பாறைகளில் ஒட்டியிருப்பதை மூச்சடக்கி மூழ்கிப் பெயர்த்து எடுக்கிறார்கள். மற்ற இடங்களில் பச்சை ஓட்டுச் சிப்பி அதிகம், கொல்லத்துக்கும் குமரிக்கும் நடுவே பழுப்பு ஓட்டுச் சிப்பி. மிளகும் சின்ன உள்ளியும் போட்டு வறுத்து ஒரு தட்டு வைத்தால், கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவன்கூடக் கொஞ்சம் யோசிப்பான். தொட்டுக்கொள்வதற்கு வைக்கிற இதற்கெல்லாம் மலையாளத்தில் செல்லப்பெயர் 'டச்சிங்ஸ்'. எந்த ஆங்கிலேயனுக்கும் புரியாத ஆங்கிலம், நமக்கு உடனே புரிகிறது.

அடுத்து வந்தது பேச்சு. நாள்கூலி வாங்கியவன் மாலையில் உட்கார்கிற இடத்தில் கூலியைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவான்? ஏறுகிறவர்களின் சங்கங்கள் வலுத்தன, கம்யூனிஸ்ட் கட்சியின் உறுதியான தூண்களில் ஒன்றாயின. 1969இல் கள்ளுத் தொழிலாளர் நல நிதிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. மரமேறுகிறவனுக்கு வைப்பு நிதி! கருப்பட்டிக்காகப் பனையேறிய எங்கள் ஊர்த் தாத்தாக்கள் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். அவர்களிடம் இருந்தது தளைநாரும் பாளை அரிவாளும் நெஞ்சில் காய்ப்புத் தழும்பும்தான்.

எதிர்ப்பும் இதே மண்ணிலிருந்துதான் வந்தது, அதுவும் வெளியாளிடமிருந்து அல்ல. செம்பழந்தியில் பிறந்து, நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் 1888இல் சிவனைப் பிரதிஷ்டை செய்த ஸ்ரீநாராயண குரு, கள் இறக்குவதைக் குலத்தொழிலாகச் சுமத்தப்பட்ட ஈழவ சமூகத்தில் பிறந்தவர். மது நஞ்சு, அதைச் செய்யவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம் என்று செய்தி விடுத்தார். ஒரு தொழிலை விடச் சொல்வது வேறு. தன் ஆட்கள் பிழைக்கிற தொழிலை விடச் சொல்வது வேறு. ஏறுவதும் இறக்குவதும் அவர்களைக் கீழே வைத்திருக்கும் கயிறு என்று அவர் கண்டார். சங்கக்காரர்களோ அந்தக் கயிற்றைப் பிடித்தே மேலே வரலாம் என்றார்கள். இரண்டில் எது சரி என்று ஷாப்பில் உட்கார்ந்து முடிவு கட்டுவது நியாயமில்லை. ஆனால் குருவின் சொல்லை நினைத்தால் கையில் இருக்கிற குவளை கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

எல்லைக்கு அந்தப்பக்கம் கதை வேறு வழியில் போயிற்று. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பிறகு 1971இல் திறந்தார்கள், மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள், 1987இல் கள்ளுக்கடையை மூடியது மூடியதுதான். டாஸ்மாக்கில் விஸ்கியும் பிராந்தியும் அரசே விற்கும், மரத்திலிருந்து இறங்குவது மட்டும் குற்றம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் பக்கத்து விளவங்கோடும் விழிஞ்ஞமும் ஒரே நாடு. இன்று களியக்காவிளைச் சோதனைச்சாவடிக்கு இப்பால் கள் சட்டப்படி தொழில், அப்பால் வழக்கு. பனை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நிற்கிறது.

கேரளத்திலும் ஷாப்பு நிம்மதியாக இருந்துவிடவில்லை. 1996 ஏப்ரல் 1 முதல் சாராயத்தைத் தடை செய்தபோது, சாராயக்காரன் போன இடத்தில் ஸ்பிரிட் வந்து கள்ளுக்குள் புகுந்தது. மரத்துக் கள் தானாக ஓர் அளவுக்கு மேல் ஏறாது, ஈஸ்ட்டுக்கும் களைப்பு உண்டு. அதனால் தென்னங்கள்ளில் ஆல்கஹால் 8.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வைத்தார்கள். தாண்டினால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள் கொண்டார்கள். 2014இல் ஐந்து நட்சத்திர விடுதி அல்லாத பார்களை மூட முடிவெடுத்தபோது ஷாப்புகளை விட்டுவைத்தார்கள். 2017இல் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் என்ற உச்சநீதிமன்ற உத்தரவு பல ஷாப்புகளைச் சந்துக்குள் துரத்தியது. தேடிப் போகிறவர்களுக்கு அது பெரிய இடைஞ்சலாக இருந்ததாகத் தெரியவில்லை.

உண்மையான இடைஞ்சல் மரத்தின் உச்சியில் இருக்கிறது. ஏற ஆள் இல்லை. விழிஞ்ஞத்தைச் சுற்றிய கரையில் தென்னைக்குப் பஞ்சமில்லை, ஆனால் பாளையை எலும்பால் தட்டத் தெரிந்த கை குறைந்துகொண்டே வருகிறது. அதனால் தென்கேரளத்து ஷாப்புகள் பலவற்றுக்குக் கள் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து பெர்மிட்டோடு வண்டியில் வருகிறது. முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். தூரத்துக்குக் கொண்டுபோக முடியாத பானம், மரத்தடியிலிருந்து ஷாப்புக்குப் போன பானம், இப்போது இரவு முழுக்க லாரியில் பயணம் செய்கிறது. சித்தூர் தமிழும் மலையாளமும் கலந்த எல்லை. அங்கே தென்னந்தோப்புகளில் ஏறுகிறவர்களில் தமிழர்கள் ஏராளம். தன் மாநிலத்தில் செய்தால் குற்றமாகும் வேலையை எல்லைக்கு இந்தப்பக்கம் வந்து செய்கிறவர்கள் அவர்களில் உண்டு. சித்தூரில் இறங்குவது, வழியெல்லாம் நொதித்துக்கொண்டே விழிஞ்ஞம் பக்கத்துப் பெஞ்சுக்கு வந்து சேருகிறது. பழைய வெள்ளைக்காரக் கணக்குப்படி இது ரியல் ஏலா என்று கேட்டால், உயிர் இருக்கிறது, ஊர்தான் மாறிவிட்டது.

போன முறை போனபோது, உள்ளூர்க் கள் உண்டா என்று பரிமாறுகிறவரிடம் கேட்டேன். "உண்டு அண்ணா, அது காலையிலேயே தீர்ந்துபோகும்," என்றார். திருவனந்தபுரத்துக்காரர்கள் நம்மைப் போலவே அண்ணன் போட்டுத்தான் பேசுவார்கள். வந்தது சித்தூர்க் குப்பி. வெளியே கடலில், 2025 மே மாதம் முறைப்படி திறந்துவைத்த புதிய துறைமுகத்தின் கிரேன்களுக்குக் கீழே, ஒரு தெருவளவு நீளமுள்ள கப்பல் நின்றிருந்தது. பாதியைக் குடித்துவிட்டு, மீதியை நண்பருக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்று குப்பியின் மூடியைத் திருகினேன்.

"இறுக்கி அடைக்காதே அண்ணா," என்று அடுத்த பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "வழியில பொட்டும்."